நின்ற வண்டி ஓடிய தூரம்

லிஃப்ட்காரர் யார் வாயையும் நம்பமாட்டார். மீட்டரைத்தான் நம்புவார். "உடம்பு சுடுதுங்க" என்று மனைவி சொன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கமாட்டார், அலமாரியில் தெர்மாமீட்டரைத் தேடுவார். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் சிலிண்டரைத் தூக்கி எடை போடுவார். "உங்க மேல எனக்குப் பிரியம்னு சொன்னா அதுக்கும் ஏதாவது கருவி கொண்டு வருவீங்களோ?" என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். மனிதர் சிரிக்கவில்லை, யோசித்தார். அதுதான் வேடிக்கை.

அந்தக் குணம் சும்மா வந்துவிடவில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மேலே மோட்டார் அறையில் இருந்த ஆள் "ஆஃப் பண்ணிட்டேன், கையை வை" என்று குரல் கொடுத்தான். இவரும் நம்பிக் கையை வைத்தார். அவன் ஆஃப் பண்ணியது பக்கத்து லிஃப்டின் சுவிட்சை. இரும்புக் கயிறு ஒரு சாண் நகர்ந்ததில் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. அவன் பொய் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னான். அதுதான் இவரை அதிகம் பயமுறுத்தியது. அன்றிலிருந்து டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. லிஃப்ட் குழிக்குள் அது உயிரைக் காக்கிற பழக்கம். வீட்டுக்குள்ளும் அதையே கட்டிக்கொண்டு அழுதார் என்பதுதான் வினை.

வீட்டில் அவரோடு மனைவியும் மாமனாரும். மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டி, இன்னொன்று பழைய சின்னக் கார். அந்தக் காரில் ஹாரன் நன்றாக அடிக்கும், ஆனால் அவர் அடிக்கமாட்டார். வேகம் காட்டும் முள் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. மணிக்கு எத்தனை போனாலும் பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கும்.

"இதைச் சரி பண்ணாம எப்படி மாமா ஓட்டுறீங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"அது எதுக்கு மாப்பிள்ளை? வண்டி எவ்வளவு போகுதுன்னு உக்கார்ற இடமே சொல்லுமே."

லிஃப்ட்காரருக்கு அந்தப் பதில் தொண்டையில் முள் மாதிரி சிக்கிக்கொண்டது. உட்காரும் இடம் சொல்லுமாம். நல்ல கதை.

மாமனார் அந்தக் காரை ஊர் சுற்றுவதற்கு வைத்திருக்கவில்லை. அவரோடு ஒரே பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்த கண்டக்டர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். கூட்டிப் போவது, காத்திருப்பது, கூட்டி வருவது எல்லாம் மாமனார்தான். போகும்போது இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். என்றைக்கோ ஒரு ஸ்டாப்பில் ஆளை ஏற்றாமல் போனது யார் தப்பு என்பது இன்னும் தீரவில்லை. வரும்போது கண்டக்டர் துவைத்த துணி மாதிரி பின்சீட்டில் கிடப்பார். அப்போது மாமனார் ஒரு குழியில்கூட விடாமல் வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். வண்டி ஆடினால் கண்டக்டருக்கு வாந்தி வந்துவிடும்.

அந்த ஆஸ்பத்திரிச் சவாரிதான் மாமனாருக்குப் பொழுது, வேலை, மரியாதை எல்லாம். அந்த நாட்களில் மட்டும் காலையிலேயே ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நிற்பார்.

ஒரு நாள் வண்டியை உள்ளே விடும்போது கேட் தூணில் உரசிவிட்டார். கதவில் ஒரு முழம் நீளத்துக்குக் கோடு விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் மகள் புருஷனிடம் வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சுங்க. ரோட்ல எப்படி ஓட்டுறாரோ, எவ்வளவு வேகத்துல போறாரோ. கூட ஒரு நோயாளி வேற."

"கண்டக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். முப்பதைத் தாண்ட மாட்டான்மா, தேரு மாதிரி ஓட்டுவான்னு சொல்றார். அவர் எப்ப அப்பாவை விட்டுக்கொடுத்திருக்கார்?"

வாய் வார்த்தை என்று ஆகிவிட்டது. இனி லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா?

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு வரும். எழுதிக் கொடுத்தபடி வேலை செய்யும் சின்ன மூளை அது. செடிக்குத் தண்ணீர் விட, மேல்தொட்டி நிரம்பினால் கத்த என்று ஏதேதோ செய்து வைத்திருந்தார். இப்போது ஒரு ஜிபிஎஸ் மாட்யூல் வாங்கினார். தலையில் பிஸ்கட் மாதிரி ஒரு சதுர ஆண்டெனா. வானத்துச் சாட்டிலைட்டுகளைக் கேட்டு, தான் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

அது சொல்வதில் வேகமும் ஒரு வரியில் வந்தது. ஆனால் கப்பல்காரர்கள் அளக்கிற நாட் கணக்கில் வந்தது. அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்றும் இவருக்குத் தெரியவில்லை. தெரியாதவன் சொல்லை எதற்கு நம்ப வேண்டும்? நாமே போட்டுக்கொள்வோம் என்று முடிவு கட்டினார். போன தடவை இருந்த இடம், இப்போது இருக்கிற இடம், நடுவே உள்ள தூரம். அதை நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதானே. நொடிக்கு ஒரு தடவை கேட்டால் ஏமாந்துவிடுவோம் என்று நொடிக்குப் பத்துத் தடவை கேட்க வைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற காவல்காரன் மாதிரி இருக்கட்டும் என்பது எண்ணம்.

தன் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே பெரிய சாலைக்குப் போனார். இரண்டு பக்கமும் பொட்டல், மேலே திறந்த வானம். பைக் மீட்டர் ஐம்பது என்றால் பெட்டியும் ஐம்பதை ஒட்டியே காட்டியது. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மாமனாரிடம் மறைக்கவில்லை. அதைச் சும்மா சொல்லக்கூடாது. "உங்க வண்டியில இதை மாட்டலாமா மாமா? எவ்வளவு வேகம்னு காட்டும். அன்னிக்கு ஓடின தூரமும் அதிகபட்ச வேகமும் அழியாம நிக்கும்" என்று நேராகவே கேட்டார்.

"தாராளமா மாட்டுங்க. மடியில கனம் இருக்கிறவன்தானே பயப்படணும்?" என்றார் பெரியவர். மாட்டும்போது டார்ச் பிடித்தவரும் அவர்தான். நடுவில் கரண்ட் போகக்கூடாது என்று லிஃப்ட்காரர் பெட்டியை நேராகப் பேட்டரியிலேயே இணைத்தார். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் பெட்டி விழித்திருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் மகள் இறங்கிப்போய்ப் பார்த்தாள். அதிகபட்சம் 58. இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய தெருக்கள் அவை. அதில் ஐம்பத்தெட்டா? அடுத்த தடவை 66. அதற்கடுத்த தடவை 94.

மகள் அங்கேயே காரின் மேல் சாய்ந்து நின்றுவிட்டாள். பிறகு மேலே வந்து அப்பாவிடம் எண்ணைச் சொன்னாள்.

பெரியவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "தொண்ணூத்தி நாலா? இந்த வண்டியை மலை மேலயிருந்து உருட்டி விட்டாக்கூடப் போகாதும்மா."

"அப்பா, விளையாடாதீங்க."

"நான் எங்கம்மா விளையாடுறேன்? உன் வீட்டுக்காரர் பெட்டிதான் விளையாடுது."

லிஃப்ட்காரர் மெதுவாகத்தான் சொன்னார். "பெட்டிக்கு யார் மேலயும் கோபம் கிடையாது மாமா. அது பார்த்ததைச் சொல்லுது."

சிரிப்பு நின்றது. பெரியவர் மருமகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஒரு வார்த்தை சண்டை போட்டிருப்பாரோ என்னவோ.

கண்டக்டருக்கு வாடகைக் கார் ஏற்பாடாயிற்று. அவர் போனில் ஒரு பிடி பிடித்தார். "தம்பி, முப்பது வருஷம் அவன் முதுகைப் பார்த்துட்டு நின்னவன் நான். எவ்வளவு போறான்னு எனக்குத் தெரியாதா? நீங்க அனுப்பின வாடகை வண்டிக்காரன்தான் தூக்கித் தூக்கிப் போடுறான். நேத்து ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்." லிஃப்ட்காரர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். வாய் வார்த்தைதானே.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு வயசானவர் வண்டி ஓட்டுவதை விட்டார் என்று போயிருக்கும். நிற்கவில்லை.

இவர்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில், மேலே பாதி கான்கிரீட் கூரை போட்ட ஒரு சந்து. ஒரு மழை நாளில் மகள் புருஷனிடம் சாவியை வாங்கிப் போய், குடை எடுக்கக் காரைத் திறந்தாள். பெட்டியில் தூரம் என்ற இடத்தில் பதினொன்று கிலோமீட்டர். அதிகபட்சம் 47.

அவளுக்கு முதலில் புரியவில்லை. முந்தின சாயங்காலம் புருஷன் பெட்டியின் எண்களையெல்லாம் அழித்துப் பூஜ்யமாக்கிவிட்டு வந்தது அவளுக்குத் தெரியும். சாவியும் அதுவரை அவர் கருவிப் பையில்தான் இருந்தது. அப்படியானால் அப்பாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது.

"வண்டியை எடுத்தீங்களாப்பா?"

"எந்த வண்டியை?"

"அப்பா!"

"நான் எடுக்கலைம்மா. சாவியைக் குடுத்துட்டேனே."

"இன்னொரு சாவி?"

"இன்னொரு சாவியே கிடையாது. இருந்தது எப்பவோ தொலைஞ்சுபோச்சு."

மறுநாளும் ஒன்பது கிலோமீட்டர். மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவர் குரலை உயர்த்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அன்று கோபத்தோடு டிரங்குப் பெட்டியை நடு ஹாலில் கவிழ்த்தார். "வந்து பாரு! நீயே தேடிப் பாரு!" பழைய காக்கிச் சட்டையை அவரே எடுத்து உதறினார். பையிலிருந்து டிங் என்று ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

கார் சாவி.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். குனிந்து எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பெரியவர் முகம் செத்துப்போனது. "இது... இது எப்படி இங்க வந்தது?" என்று அவர் கேட்டது இவர்களை அல்ல.

மகள் அழுதாள். "ஏம்ப்பா பொய் சொல்றீங்க? ஆசையா இருந்தா எடுத்தேன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"நான் பொய் சொல்லலைம்மா."

"சரிம்மா, விடு" என்றார் லிஃப்ட்காரர். அவருக்கு மாமனார் மேல் கோபம் இல்லை. அந்த மோட்டார் அறை ஆளின் முகம்தான் ஞாபகம் வந்தது. அவனும் பொய் சொல்லவில்லை. மனசாரச் சொன்னான். மாமாவும் அப்படித்தான், மறந்துபோகிறார், எடுத்ததையே மறந்துபோகிறார் என்று எண்ணிக்கொண்டார். அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தாலாவது புண்ணியம். ஆறுதல் சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தார். "மாமா, இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. வயசானா ஞாபகம் நழுவறது சகஜம். டாக்டரைப் பார்த்தா மாத்திரை தருவாங்க."

பெரியவர் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து டிரங்கில் அடுக்கினார். அந்தச் சாவியை மருமகன் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் சுருங்கிவிட்டார். குளித்துவிட்டு வந்து, குழாயை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "நான் சாப்பிட்டேனாம்மா?" என்று கேட்பார். கண்டக்டர் போன் பண்ணினால், "ஏன்யா, நாம எந்த ரூட்டுல போவோம்? ஆஸ்பத்திரிக்குத்தானே? வேற எங்கயாவது உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கேனா?" என்று விசாரிப்பார்.  கண்டக்டர் சிநேகிதரின் மகளிடம் கெஞ்சினார். "அம்மா, அவனை என்ன பண்ணீங்க? நல்லா இருந்தவன்மா அவன்."

இரண்டு சாவியும் இப்போது கருவிப் பையில், லிஃப்ட்காரரோடு வேலைக்குப் போய் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இனிமேல் இது எதற்கு, பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று கருவிப் பையோடு கீழே போனார். முந்தின சாயங்காலம் பேட்டரிக் கம்பியைத் துடைத்து மாட்டியபோது எல்லாவற்றையும் அழித்துப் பூஜ்யமாக்கி இருந்தார். இப்போது கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பெட்டியில் தூரம் எட்டு கிலோமீட்டர். அதிகபட்சம் 52.

பையைத் திறந்து பார்த்தார். இரண்டு சாவியும் இருந்தன. மறுபடி பெட்டியைப் பார்த்தார். அதன் பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்தக் கருவியும் இல்லாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது தூசியில் ஐந்து விரலும், நுனியில்லாத மோதிர விரல் உட்பட, அச்சாகப் பதிந்திருந்தது. குனிந்து பார்த்தார். நான்கு டயர்களிலும் காய்ந்த இலைகள் ஒதுங்கி, மழையில் நனைந்து, ஒட்டிக் காய்ந்து கிடந்தன. சாவியை வாங்கி வைத்த நாளிலிருந்து அந்த வண்டி ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்க முடியாது. ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குனியவில்லை. மகளும் குனியவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியையே பார்த்தார். இன்ஜின் ஓடவில்லை. பெட்டி 2 என்றது. 0 என்றது. 3, 1, 4. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று 31. மறுபடி 2. நின்ற இடத்தில் நின்றுகொண்டே வண்டி நடந்தது, குதித்தது, ஓடியது.

 இப்போது எல்லாம் அவருக்கு வெட்ட வெளிச்சம். சாட்டிலைட்டின் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், மாட்யூல் தன் இடத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லும். இரண்டு மீட்டர் தள்ளிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இவர் நொடிக்குப் பத்துத் தடவை கேட்டார். அந்த இரண்டு மீட்டரைப் பத்தில் ஒரு பங்கு நொடியால் வகுத்தால் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் தள்ளினால் தொண்ணூற்று நாலு. அதிகம் கேட்கக் கேட்க அதிகம் பொய் சொல்லியிருக்கிறது. அன்றைய பொய்களிலேயே பெரிய பொய்யைப் பத்திரமாக எடுத்து அதிகபட்சம் என்று திரையில் நிறுத்தி வைத்தது இவர் எழுதிக் கொடுத்த மூளை. அந்தத் தொண்ணூற்று நாலு எந்தச் சந்தில் வந்ததோ, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தபோதே வந்ததோ. பொட்டல் காட்டில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு, ஆகாசப் புளுகு ஒன்றை வேதவாக்கு என்று வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் மாட்யூல் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாட் கணக்கு என்று இவர் தள்ளிவிட்ட அந்த ஒரு வரி. ஆம்புலன்ஸ் சத்தம் கிட்டே வரும்போது ஒரு மாதிரியும் விலகிப்போகும்போது ஒரு மாதிரியும் கேட்கிறதே, அதே போல சாட்டிலைட் சிக்னலில் ஏற்படும் மாற்றத்தை வைத்து அது வேகத்தைத் தானே அறிந்து சொல்கிறது. இடம் எங்கே என்று தடுமாறும்போதும் வேகத்தில் அவ்வளவாகத் தடுமாறாது. அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெட்டியை மேலே கொண்டுவந்து மேஜையில் பிரித்துப் போட்டார். தான் போட்ட கணக்கையெல்லாம் அழித்தார். மாட்யூல் சொல்கிற வேகத்தையே எடுத்து கிலோமீட்டராக மாற்றினார். போதுமான சாட்டிலைட் தெரியாவிட்டால் எண்ணே காட்டாதே, கோடு மட்டும் போடு என்று எழுதினார். ஒரே ஒரு தடவை குதித்தால் நம்பாதே, தொடர்ந்து சில தடவை அதையே சொன்னால்தான் அதிகபட்சத்தில் சேர் என்றார். ஊர்கிற வேகத்துக்கும் கீழே இருந்தால் பூஜ்யம் என்று சொல் என்றார். சந்தில் கொண்டுபோய் வைத்துச் சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்தார். 0. 0. 0. ஒரு தடவை கோடு. மறுபடி 0.

மனைவியிடம் முதலில் சொன்னார். அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "அப்ப அப்பா எடுக்கலை."

"எடுக்கலை."

"நான் அவரைத் திருடன் மாதிரி நடு ஹால்ல நிக்க வெச்சேனே" என்று ஈரக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு பேருமாக அறைக்குப் போனார்கள். பெரியவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, தப்பு என் மேல. பெட்டி தப்பாக் காட்டிடுச்சு. நீங்க வேகமாவும் போகலை, வண்டியை எடுக்கவும் இல்லை. நின்ன வண்டி ஓடினதா அது காட்டியிருக்கு."

பெரியவர் தலையாட்டினார். "சரி மாப்பிள்ளை."

"நிஜமாத்தான் மாமா. டயர்ல இலை ஒட்டிக்கிடக்கு, வந்து பாருங்க."

"சரி சரி. நீங்க நல்ல மனுஷன்." மருமகனின் தோளில் தட்டினார். "எனக்காகச் சொல்றீங்க. பொய் சொல்லத் தெரியலை உங்களுக்கு."

"அப்பா, அவர் பொய் சொல்லலைப்பா. நீங்க எடுக்கவே இல்லை."

"எடுத்தேம்மா." குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. "முதல்ல ஞாபகம் இல்லாமதான் இருந்தது. படுத்துக்கிட்டே யோசிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா வந்துடுச்சு. மழை பெஞ்சுதே, அன்னிக்கு. பாலத்துக்கு அடியில போனேன். வைப்பர் போட்டேன். கிறீச்சுனு சத்தம் வந்தது, ரப்பர் மாத்தணும்னுகூட நினைச்சேன். உங்ககிட்ட இல்லைன்னு சொன்னது தப்புதான்."

 அந்தக் காரின் வைப்பர் மோட்டார் எரிந்துபோய்ப் பல மாதமாக வேலை செய்வதில்லை. மாற்றித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லி மறந்தவர் லிஃப்ட்காரரேதான்.

அதைச் சொன்னார்.  "அப்படியா?" என்றார் பெரியவர். பிறகு, "எனக்கு அதுவும் ஞாபகம் இல்லை பாருங்க" என்றார்.

ஓட்டினால் சரியாகிவிடும் என்று கண்டக்டர்தான் சொன்னார். "ஸ்டியரிங்கைக் கையில குடுங்க தம்பி, ஆள் தானா வந்துடுவான்." ஆஸ்பத்திரி நாளன்று அவர் நடந்தே வந்து பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நீ ஓட்டாவிட்டால் நான் இறங்கமாட்டேன், மெஷினும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அடம்பிடித்தார். பெரியவர் வந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை. மகள் ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து மாற்ற வைத்தாள்.

"பெட்டி இருக்கா?" என்று உட்கார்ந்ததும் கேட்டார்.

"வேண்டாம் மாமா, கழட்டிட்டேன். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

"பெட்டி இல்லாம எடுக்கமாட்டேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷினுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் மேலே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி, பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

வண்டி சந்தைவிட்டு வெளியே வந்தது. பெரியவர் கைக்கு எதுவும் மறந்துபோயிருக்கவில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, வளைவுகள் சத்தமில்லாமல் வளைந்தன. பின்னால் கண்டக்டர் அந்தப் பழைய ஸ்டாப் சண்டையை வேண்டுமென்றே ஆரம்பித்தார்.  பெரியவரின் கண் ரோட்டைப் பார்க்கும், உடனே பெட்டிக்கு ஓடும், மறுபடி ரோட்டுக்கு வரும். பெட்டி 24 என்றது. 22. 25. எல்லாம் சரியான எண்கள். அவ்வளவு சரியாக அந்தப் பெட்டி அதுவரை காட்டியதே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை அலுங்காமல் நிறுத்தினார். இரண்டு பக்கமும் உயர உயரமான கட்டடங்கள். பெட்டிக்கு வானம் சரியாகத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தபடி அது எண்ணை எடுத்துவிட்டுக் கோடு மட்டும் போட்டது.

பெரியவரின் கால் பிரேக்கை இன்னும் அழுத்தியது. கை ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டது. 

"மாப்பிள்ளை, எண் போயிடுச்சு."

"பரவாயில்லை மாமா. சாட்டிலைட் தெரியலை, அவ்வளவுதான். வந்துடும்."

பின்சீட்டிலிருந்து கண்டக்டர் முன்னால் குனிந்து, சிநேகிதரின் தோளில் கை வைத்தார். "யோவ், நிக்கிறோம்யா. சிக்னல்ல நிக்கிறோம். என்னய்யா ஆச்சு உனக்கு?"

பெரியவர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. இத்தனை வருஷம் உட்காரும் இடத்தாலேயே வேகத்தை அறிந்த மனிதர், அசையாமல் நிற்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, பெட்டியின் கோட்டையே வெறித்தபடி மருமகனைக் கேட்டார்.

"நிஜமாச் சொல்லுங்க மாப்பிள்ளை. நாம நிக்கிறோமா?"